பிங் அடிச்சு பாத்தீங்களா? நெட்வொர்க் கோளாறும் நாம பேசுற டெக் வார்த்தைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட் வரலன்னா முதல்ல எதை பாக்கணும்?

"நெட் வரல"ங்கறது ஒரு கோளாறு இல்ல, பல வேற வேற கோளாறுக்கு நாம எல்லாரும் வச்சிருக்கற ஒரே பேரு. அதனால முதல் வேலையே அதை உடைச்சு பாக்கறதுதான். ஒரு மெஷின்ல மட்டும் வரலயா எல்லாத்துலயும் வரலயா, வைஃபைல மட்டுமா இல்ல கேபிள் சொருகினாலும் அதே கதைதானா, ஒரு சைட் மட்டும் திறக்கலயா எதுவுமே திறக்கலயா. இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சாலே தேட வேண்டிய இடம் பாதியா குறைஞ்சிடும்.

அப்புறம் கிட்ட இருந்து ஆரம்பிச்சு தூரமா போகணும். கேபிள் சரியா உக்காந்திருக்கா, போர்ட் லைட் எரியுதா, மெஷினுக்கு ஐபி (நெட்வொர்க்ல அதோட முகவரி எண்) வந்திருக்கா, ரவுட்டருக்கு பிங் போகுதா (பிங்னா "இருக்கியா"ன்னு கேட்டு பதிலுக்கு காத்திருக்கற சின்ன கட்டளை; ரவுட்டர் ஐபி பெரும்பாலும் 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1), வெளிய 8.8.8.8 இல்ல 1.1.1.1 மாதிரி ஒரு ஐபிக்கு போகுதா, கடைசியா சைட் பேரை வச்சு அடிச்சா போகுதா. எந்த படியில நிக்குதோ கோளாறு அங்கதான், இல்ல அதுக்கு ரொம்ப பக்கத்துல. நிறைய பேரு இந்த வரிசைய விட்டுட்டு நேரா ரவுட்டர் செட்டிங்ஸ்ல கை வைப்பாங்க, அப்ப பழைய கோளாறோட புதுசா ஒண்ணும் சேர்ந்துக்கும், அதுக்கப்புறம் எது எதனாலன்னு பிரிக்கறதே பெரும்பாடு.

கோளாறு பாக்கறதுக்கும் வார்த்தை எங்க பொறந்துச்சுங்கறதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. பிங், ஹாப், ஈதர்நெட், ஹேண்ட்ஷேக் எல்லாம் அதை செஞ்சவங்க தங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஒண்ணை வச்சு போட்ட பேரு. அந்த பேருக்குள்ளேயே அது என்ன வேலை செய்யுதுன்னு இருக்கும், எது வரைக்கும் அதை நம்பலாம்ங்கறதும் இருக்கும். ட்ரபிள்ஷூட்டிங்ங்கற வார்த்தையையே எடுத்துக்கோங்க. கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்னாடி, தந்தி லைன்லயும் டெலிபோன் லைன்லயும் எங்க அறுந்திருக்குன்னு கம்பியோடயே போய் கண்டுபிடிச்சு சரி பண்ற ஆளுக்கு ட்ரபிள்ஷூட்டர்னு பேரு. லைன் எங்க உயிரோட இருக்கு, எங்க செத்துப்போச்சுன்னு ஒவ்வொரு துண்டா பாத்துக்கிட்டே போறது, இன்னைக்கு நாம மேல சொன்ன வரிசையில பண்றதும் அதேதான்.

பிங்ங்கற பேரு எப்படி வந்துச்சு? ஏதோ ஒரு முழு விரிவாக்கம் இருக்குன்னு சொல்றாங்களே?

விரிவாக்கம் பின்னாடி வந்தது. 1983 டிசம்பர்ல அமெரிக்க ராணுவத்தோட பாலிஸ்டிக் ரிசர்ச் லேபரட்டரில வேலை பாத்த மைக் மூஸ், அங்க ஐபி நெட்வொர்க் ஒரு மாதிரி கோணலா நடந்துக்கறதை பாத்துட்டு அதை பிடிக்க எழுதின சின்ன புரோகிராம் அது. நீர்மூழ்கி கப்பல்ல சோனார் ஒரு சத்தத்தை அனுப்பும், அது எதிர்ல எதுலயாவது பட்டு எதிரொலியா திரும்பி வரும், வந்த நேரத்தை வச்சு தூரத்தை கணக்கு போடுவாங்க. அந்த சத்தம்தான் "பிங்". தான் அந்த சத்தத்துக்குத்தான் பேரு வச்சேன்னு மூஸே தெளிவா எழுதி வச்சிருக்கார். "பாக்கெட் இன்டர்நெட் க்ரோப்பர்"னு விரிவாக்கம் குடுத்தது டேவ் மில்ஸ்ங்கற இன்னொருத்தர். நெட்ல நிறைய இடத்துல இந்த விரிவாக்கத்தையே மூலம்னு போட்டிருப்பாங்க, அது தப்பு.

சோனார் கதை தெரிஞ்சா பிங்கை படிக்கற விதமே மாறிடும். நாம அனுப்பற பாக்கெட்டுக்கு (டேட்டாவோட சின்ன பொட்டலம்) பேரே எக்கோ ரிக்வஸ்ட், திரும்பி வர்றது எக்கோ ரிப்ளை. எதிரொலி வந்தா அங்க ஒண்ணு இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். அந்த சர்வர்ல வெப்சைட் ஓடுதா, டேட்டாபேஸ் முழிச்சிட்டு இருக்கா, இதெல்லாம் பிங்குக்கு தெரியாது. அதே மாதிரி எதிரொலி வரலன்னா அங்க ஒண்ணுமே இல்லன்னும் முடிவு கட்டக்கூடாது, ஏன்னா நிறைய ஃபயர்வால் (வேண்டாத பாக்கெட்டை தடுக்கற காவல்) பிங் போற ஐசிஎம்பிங்கற வகை பாக்கெட்டை வேணும்னே விழுங்கிடும். "பிங் வருது, அப்ப சர்வர் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றவங்களையும் "பிங் வரல, சர்வர் டவுன்"னு குதிக்கறவங்களையும் தினமும் பாக்கலாம்.

பிங் அடிச்சா வர்ற வரிய எப்படி படிக்கறது?

மூணு விஷயம் பாருங்க. நேரம், டிடிஎல், எத்தனை தொலைஞ்சது.

நேரம் மில்லிசெகண்ட்ல வரும். கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அதனால 1000 கிலோமீட்டர் தள்ளி இருக்கற சர்வருக்கு போய் வரவே 10 மில்லிசெகண்ட் ஆகும், எவ்வளவு காசு குடுத்த பிளானா இருந்தாலும் அதுக்கு கீழ வராது. ஆனா உங்க ரவுட்டருக்கே 80, 200, 15னு ஏறி இறங்குதுன்னா அது தூரத்தால வர்றது இல்ல, பெரும்பாலும் வைஃபை. இந்த ஏத்த இறக்கத்துக்குத்தான் ஜிட்டர்னு பேரு. வீடியோ கால்ல குரல் வெட்டி வெட்டி வர்றதுக்கு நிறைய தடவ ஸ்பீடு காரணமே இல்ல, இதுதான் காரணம்.

டிடிஎல்ங்கறது பாக்கெட்டுக்கு குடுத்த ஆயுசு. லினக்ஸ்ல பொதுவா 64ல ஆரம்பிக்கும், விண்டோஸ்ல 128, நிறைய ரவுட்டர்கள்ல 255. வழியில ஒவ்வொரு ரவுட்டரும் ஒண்ணு குறைக்கும். பதில்ல டிடிஎல் 57னு வந்தா, அனேகமா 64ல கிளம்பி 7 ரவுட்டர் தாண்டி வந்திருக்கு.

தொலைஞ்சதை விட எப்படி தொலைஞ்சதுங்கறது முக்கியம். "ரிக்வஸ்ட் டைம்டு அவுட்"னா கேட்டோம், பதில் வரல, காரணம் தெரியாது. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்"னு உங்க சொந்த ஐபில இருந்தே பதில் வந்தா, உங்க மெஷின் அந்த ஆளை பக்கத்துலயே தேடி கூப்பிட்டு பாத்திருக்கு, யாரும் ஏன்னு கேக்கல. ஒண்ணு அது ஆஃப்ல இருக்கு, இல்ல ஐபிய தப்பா போட்டிருக்கீங்க, இல்ல ரெண்டும் வேற வேற வீலான்ல (ஒரே ஸ்விட்ச்ல தனித்தனியா பிரிச்சு வச்ச நெட்வொர்க்) இருக்கு. ரெண்டு மெசேஜையும் ஒண்ணா நினைச்சா தேட வேண்டிய இடமே மாறிப்போகும்.

தமிழ்ல மட்டும் ஏன் "பிங் அடி"ங்கறோம்?

எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது. "பிங் பண்ணு"ன்னும் சொல்றாங்க, ஆனா "அடி"ன்னு சொன்னாத்தான் நம்ம வாய்க்கு சரியா வருது. யோசிச்சு பாருங்க, மணி அடிச்சோம், தந்தி அடிச்சோம், டைப் அடிச்சோம், போன் அடிச்சோம், அப்புறம் மெயில் அடிச்சோம், இப்ப பிங் அடிக்கறோம். தந்தி நெஜமாவே சாவிய தட்டி தட்டி அனுப்பினது, அதனால அந்த வினை பொருத்தமா வந்து உக்காந்துச்சு, அப்புறம் தூரத்துக்கு ஒரு செய்திய தட்டி விடற எல்லாத்துக்கும் அதுவே பழகிடுச்சு. சோனார் சத்தத்துல இருந்து வந்த ஒரு பேருக்கு தந்தி காலத்து வினை சேர்ந்து ஓடுறது எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, யாரும் உக்காந்து கலைச்சொல் குழு வச்சு பண்ணல.

"சுத்துது"வும் அப்படித்தான். ஸ்க்ரீன்ல வட்டம் சுத்துறதை பாத்துட்டு வீடியோ சுத்துது, பேஜ் சுத்துதுன்னு ஆரம்பிச்சு இப்ப "நெட்டே சுத்துது". கோளாறு பாக்கறவங்களுக்கு இது ரொம்ப உபயோகமான வார்த்தை, ஏன்னா "சுத்துது"ன்னா இணைப்பு இன்னும் அறுந்து போகல, எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கு. உடனே எரர் வந்து விழறதும் சுத்திக்கிட்டே இருக்கறதும் வேற வேற வியாதி.

உடனே எரர் வர்றதுக்கும் சுத்துறதுக்கும் என்ன வித்தியாசம்?

டிசிபிங்கற முறையில (வெப்சைட் மாதிரி நிறைய விஷயம் இதுலதான் போகுது) ரெண்டு மெஷின் பேச ஆரம்பிக்கும்போது ஹேண்ட்ஷேக் நடக்கும். இந்த பக்கம் சின் (பேசலாமா), அந்த பக்கம் சின்-ஆக் (சரி, பேசலாமா), திரும்ப இந்த பக்கம் ஆக் (சரி). மூணும் முடிஞ்சாத்தான் இணைப்பு. போர்ட்ல (இது கேபிள் சொருகற ஓட்டை இல்ல, ஒவ்வொரு சர்வீஸுக்கும் மெஷினுக்குள்ள இருக்கற கதவு எண்) யாரும் இல்லன்னா அந்த மெஷின் ரீசெட்னு ஒண்ணு அனுப்பி மறுத்துடும், உங்களுக்கு "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு"ன்னு டக்குனு வரும். இது நல்ல செய்தி, ஏன்னா பாதை சரியா இருக்கு, மெஷினும் உயிரோட இருக்கு, சர்வீஸ் மட்டும் ஓடல (சில ஃபயர்வாலும் இப்படி மறுக்கும், ஆனா குறைவு). சுத்தி சுத்தி டைம் அவுட் ஆனா, உங்க சின் போய் சேரல, இல்ல பதில் திரும்பி வரல, பெரும்பாலும் நடுவுல ஃபயர்வால்.

ஆக், நாக் ரெண்டும் டெலிபிரிண்டர் காலத்துல இருந்து வர்ற குறி. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் எண் குடுத்த ஆஸ்கி பட்டியல்ல இன்னும் 6ம் எண்ணும் 21ம் எண்ணும் அதுங்களுக்குத்தான். வந்துச்சு, வரலங்கறதுக்கு அவ்வளவுதான்.

இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட் வழியா போன முதல் மெசேஜே பாதியில நின்னுச்சாமே, உண்மையா?

உண்மை. 1969 அக்டோபர் 29, ராத்திரி. அர்பாநெட்ல லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல இருந்து ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டுக்கு, சார்லி க்ளைன்ங்கற மாணவர் "லாகின்"னு அடிக்க ஆரம்பிச்சார். அந்த பக்கம் பில் டூவால். ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டேதான் பண்ணாங்க. எல் அடிச்சாச்சு, வந்துச்சா, வந்துச்சு. ஓ அடிச்சாச்சு, வந்துச்சா, வந்துச்சு. அடுத்த எழுத்துக்கு அந்த பக்க சிஸ்டம் படுத்துடுச்சு. ஒரு மணி நேரம் போல கழிச்சு சரி பண்ணி முழுசா உள்ள போனாங்க.

இதுல நான் முக்கியமா பாக்கறது அந்த போனைத்தான். நெட்வொர்க் வேலை செய்யுதான்னு பாக்க அந்த நெட்வொர்க்கையே நம்பாம வேற ஒரு வழிய கையில வச்சிருந்தாங்க. இப்பவும் பெரிய இடத்துல ரிமோட் ரவுட்டருக்கு தனியா ஒரு மொபைல் லைனோ கன்சோல் லைனோ போட்டு வைப்பாங்க. தூரத்துல இருந்து செட்டிங் மாத்தறதுக்கு முன்னாடி "லிங்க் போச்சுன்னா நான் எப்படி உள்ள வர்றது"ன்னு கேட்டுக்காதவங்க கண்டிப்பா ஒரு நாள் வண்டி எடுத்துட்டு போக வேண்டி வரும்.

ட்ரேஸ்ரூட்ல நடுவுல வெறும் நட்சத்திரமா வருது, அங்கதான் பிரச்சனையா?

கடைசி வரி வரைக்கும் பதில் வந்துச்சுன்னா இல்ல. ட்ரேஸ்ரூட் வான் ஜேக்கப்சன் 1980கள் கடைசில எழுதினது, பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியா போகுதுன்னு காட்ட டிடிஎல்லை வச்சு பண்ற ஒரு தந்திரம். முதல்ல ஆயுசு 1 வச்சு ஒரு பாக்கெட் அனுப்புவாங்க, முதல் ரவுட்டர்லயே ஆயுசு முடிஞ்சு "இங்க செத்துப்போச்சு"ன்னு அது திருப்பி சொல்லும், அப்ப அந்த ரவுட்டரோட முகவரி கிடைச்சிடும். அடுத்து 2, அடுத்து 3. ரவுட்டருக்கு ரவுட்டர் தாவுறதாலதான் ஒவ்வொரு வரிக்கும் ஹாப்னு பேரு. சில ரவுட்டர்கள் இந்த மாதிரி பதில் சொல்றதை ஒரு வேலையாவே எடுத்துக்காது, பாக்கெட்டை மட்டும் ஒழுங்கா கடத்தி விடும். அங்க நட்சத்திரம் விழும், அதனால ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு இடத்துக்கு அப்புறம் கடைசி வரைக்கும் நட்சத்திரமாவே போனா, இல்ல ஒரு ஹாப்ல நேரம் ஏறி அதுக்கப்புறம் வர்ற எல்லா ஹாப்லயும் இறங்காமலே நின்னா, அப்ப அந்த இடத்தை சந்தேகப்படுங்க.

ஐபிக்கு போகுது, பேரை அடிச்சா போகல. ஏன்?

டிஎன்எஸ், அதாவது சைட் பேரை ஐபியா மாத்தி தர்ற ஏற்பாடு. ஆரம்பத்துல எல்லா மெஷின் பேரும் முகவரியும் ஒரே ஒரு ஃபைல்ல இருந்துச்சு, அதை ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்ல எலிசபெத் ஃபெயின்லரோட குழு பராமரிச்சாங்க, மத்தவங்க எல்லாரும் அதை இறக்கி வச்சுக்கணும். மெஷின் பெருக பெருக அது தாங்கல, 1983ல பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைச்சார். பிங் வந்த அதே வருஷம்.

டெஸ்ட் சுலபம்: என்எஸ்லுக்கப்ங்கற கட்டளைய போட்டு அந்த பேருக்கு ஐபி வருதா பாருங்க, வரலன்னா கடைசில 1.1.1.1னு சேர்த்து வேற சர்வர்கிட்ட கேளுங்க. அங்க வந்து இங்க வரலன்னா உங்க டிஎன்எஸ் சர்வர்தான் காரணம். ரெண்டுலயும் பழைய ஐபி, புது ஐபின்னு மாறி வந்தா கேஷ் (முன்னாடி கேட்ட பதிலை சேர்த்து வச்சிருக்கறது). இங்கயும் டிடிஎல்னு ஒண்ணு வரும், ஆனா இது செகண்ட் கணக்கு, ஹாப் கணக்கு இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. 3600ன்னு இருந்தா ஒரு மணி நேரம் வரைக்கும் பழைய பதிலையே சொல்லிக்கிட்டு இருக்கலாம்.

169.254ல ஆரம்பிக்கற ஐபி வந்திருக்கு, இது யாரு குடுத்தது?

யாரும் குடுக்கல, மெஷின் தானா போட்டுக்கிச்சு. மெஷின்களுக்கு ஐபி பிரிச்சு குடுக்கற டிஹெச்சிபி சர்வரை (வீட்டுல பெரும்பாலும் ரவுட்டர்) கூப்பிட்டு பாத்து பதில் வரலன்னா இந்த வரிசையில ஒண்ணை எடுத்துக்கும். டிஹெச்சிபில நாலு படி, டிஸ்கவர், ஆஃபர், ரிக்வஸ்ட், ஆக், முதல் எழுத்தை சேர்த்து "டோரா"ன்னு சொல்லுவாங்க. 169.254 பாத்தீங்கன்னா முதல் படிக்கே பதில் இல்லன்னு வச்சுக்கலாம். கேபிள், வீலான், டிஹெச்சிபி சர்வர் இந்த மூணையும் பாருங்க, பிரவுசர்ல போய் நேரம் கழிக்காதீங்க.

ஈதர்நெட்ல "ஈதர்" என்ன?

வெளிச்சம் பரவ எங்கயும் நிறைஞ்ச ஒரு பொருள் வேணும்னு 19ம் நூற்றாண்டு இயற்பியல்ல நம்பினாங்க, அதுக்கு பேரு ஈதர். 1887ல மைக்கேல்சன், மோர்லி பண்ண சோதனையில அப்படி ஒண்ணு தட்டுப்படல. 1973 மே 22ல ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க்ங்கற ஆராய்ச்சி கூடத்துல பாப் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதும்போது, எல்லா மெஷினுக்கும் பொதுவா ஓடற கேபிளுக்கு அந்த பேரை எடுத்து வச்சார். அப்ப நெஜமாவே ஒரே கேபிள்தான், எல்லாரும் அதுலயேதான் பேசணும். அப்புறம் வந்த மெல்லிசு கோஆக்ஸ் கேபிள்ல ரெண்டு முனையிலயும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டணும், அதுல ஒண்ணை யாராவது கழட்டினா அந்த கேபிள்ல இருக்கற எல்லாருக்கும் நெட் போயிடும்.

அந்த காலத்துலதான் பிங்கை பத்தின ஒரு அருமையான கதை, மூஸே எழுதி வச்சது. ஒரு அட்மினுக்கு ஈதர்நெட் விட்டு விட்டு வேலை செஞ்சது. அவர் பிங் பதில் வர்றப்பல்லாம் கம்ப்யூட்டர் வாயால "பிங்"னு சொல்ற மாதிரி செட் பண்ணி, அதை ஆபீஸ் ஸ்டீரியோல காது தாங்கற அளவுக்கு சத்தமா வச்சுட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கனெக்டரா ஆட்டி பாத்துக்கிட்டே போனார். எங்க ஆட்டும்போது சத்தம் நின்னுச்சோ அதுதான் கெட்ட கனெக்டர். விட்டு விட்டு வர்ற கோளாறுக்கு இன்னைக்கும் இதை விட நல்ல யோசனை எனக்கு தெரியல. ஸ்டீரியோ இல்லன்னா ரெண்டு விண்டோ திறந்து ஒண்ணுல ரவுட்டருக்கும் இன்னொண்ணுல வெளி ஐபிக்கும் தொடர்ந்து பிங் ஓட விடுங்க. ரெண்டும் ஒரே நேரத்துல விட்டா உங்க வீட்டுக்குள்ள கோளாறு, வெளியது மட்டும் விட்டா லைன்ல.

ஸ்விட்ச்ல எல்லா லைட்டும் ஒண்ணா வெறி பிடிச்ச மாதிரி மினுக்குது, யாருக்கும் நெட் இல்ல?

லூப். யாரோ கீழ தொங்கிட்டு இருந்த கேபிளோட ரெண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்ல சொருகியிருப்பாங்க. ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் இருக்கு, அதை சுமந்துட்டு கேபிள்ல போற ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அது கிடையாது, சாகவே சாகாம சுத்திக்கிட்டு பெருகும், அதுக்கு பேரு பிராட்காஸ்ட் ஸ்டார்ம். இதை தடுக்கத்தான் 1985ல ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீய கண்டுபிடிச்சாங்க. நல்ல ஸ்விட்ச்ல ஆன்லயே இருக்கும், சாதாரண ஸ்விட்ச்ல இருக்காது. கடைசியா சொருகின கேபிளை உருவுங்க, அது எதுன்னு தெரியலன்னா ஒவ்வொண்ணா.

புரோகிராம்ல வர்ற தப்பை பக்ங்கறோமே, அது நெஜமாவே பூச்சியா?

ஒரு தடவ நெஜமாவே பூச்சி. 1947 செப்டம்பர் 9, ஹார்வர்ட் மார்க் 2 கம்ப்யூட்டர்ல ஒரு ரிலேக்குள்ள (மின்சாரத்தால இயங்கற சுவிட்ச்) அந்துப்பூச்சி மாட்டியிருந்துச்சு, அதை எடுத்து பதிவேட்டுலயே டேப் போட்டு ஒட்டி, "நெஜமாவே பக் கிடைச்ச முதல் தடவ"ங்கற அர்த்தத்துல பக்கத்துல எழுதினாங்க. அந்த ஏடு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. அந்த கம்ப்யூட்டர்ல வேலை பாத்த கிரேஸ் ஹாப்பர் இந்த கதைய நிறைய இடத்துல சொன்னதால அவங்கதான் அந்த வார்த்தைய உண்டாக்கினாங்கன்னு பரவிடுச்சு. ஆனா எடிசன் 1878லயே ஒரு கடிதத்துல சின்ன சின்ன கோளாறுக்கு பக்னு எழுதியிருக்கார். பதிவேட்டுல "நெஜமாவே"ன்னு எழுதினதே அந்த வார்த்தை அப்பவே புழக்கத்துல இருந்ததாலதான்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஏன் சரியாகுது?

ரவுட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான். மெமரி நிரம்பியிருக்கும், எந்த இணைப்பு வீட்டுல எந்த மெஷினோடதுன்னு குறிச்சு வைக்கற நாட் டேபிள்ல பழைய இணைப்பெல்லாம் தேங்கியிருக்கும், புதுசா கிளம்பினா எல்லாம் காலி, ஐபியும் புதுசா கேட்டு வாங்கும். பூட்ங்கறது பூட்ஸ் வாரை பிடிச்சு தன்னைத்தானே தூக்கிக்கறதுங்கற சொலவடையில இருந்து வந்தது, ஒரு குட்டி புரோகிராம் மீதி எல்லாத்தையும் இழுத்துட்டு வருதுல்ல. முதல்ல மோடம், அது முழுசா எழுந்ததும் ரவுட்டர். ஆனா தினமும் ரீபூட் பண்ணாத்தான் ஓடுதுன்னா அது சரியாகல, காரணம் உள்ள அப்படியே இருக்கு.

வைஃபைனா வயர்லெஸ் ஃபிடிலிட்டிதானே?

இல்ல. 1999ல இன்டர்பிராண்ட்ங்கற கம்பெனி உருவாக்கி குடுத்த பேரு, சுருக்கம் எதுவும் கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல மெதுவா இருந்தா சேனல் 1, 6, 11 இதுல கூட்டம் கம்மியா இருக்கறதுக்கு மாத்துங்க.

"லேயர் 8 பிரச்சனை"ன்னு சப்போர்ட்ல சொல்றாங்களே?

நெட்வொர்க் வேலைய அடுக்கு அடுக்கா பிரிச்சு காட்டற ஓஎஸ்ஐ மாடல்ல 7 லேயர், எட்டாவதுன்னு உபயோகப்படுத்தற மனுஷனை சொல்றாங்க. எனக்கு இந்த வார்த்தை பிடிக்காது. இதை சொன்ன அடுத்த நிமிஷம் கேள்வி கேக்கறதை நிறுத்திடறாங்க. "ஒண்ணுமே பண்ணல சார், தானா போச்சு"ன்னு சொல்றவர்கிட்ட பொறுமையா கேட்டா, நேத்து மேஜைய நகர்த்தினோம்னு வரும், கேபிள் அங்க நசுங்கியிருக்கும்.

கம்ப்ளைன்ட் எப்படி சொன்னா சீக்கிரம் சரியாகும்?

"நெட் சுத்தமா வேலை செய்யல, சீக்கிரம் பாருங்க"ன்னு சொன்னா அந்த பக்கம் இருக்கறவர் முதல் கேள்வியில இருந்து ஆரம்பிக்கணும். என்ன பாத்தீங்களோ அதை அப்படியே சொல்லுங்க, காரணத்தை நீங்க ஊகிக்க வேண்டாம். இப்படி:

"காலைல 10 மணியில இருந்து விட்டு விட்டு போகுது. கேபிள்லயும் அப்படித்தான், ரெண்டு லேப்டாப்லயும் அப்படித்தான். ரவுட்டருக்கு பிங் 1 மில்லிசெகண்ட், டிராப் இல்ல. 8.8.8.8க்கு 100ல 30 டிராப். ட்ரேஸ்ரூட்ல ரெண்டாவது ஹாப்ல இருந்தே டிராப் ஆகுது. மோடம் ரீபூட் பண்ணியாச்சு, மாற்றமில்ல."

இதை வாங்கினவர் ரீபூட் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டார், நேரா லைனைத்தான் பாப்பார்.